லேத்துக்குப் போகும் வரைபடம்: தோற்றம், அளவு, டொலரன்ஸ் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்முனைக்குப் பக்கத்தில் ஒரு சிறிய லேத் (கடைசல் இயந்திரம்) பட்டறையில் இருபது வருடத்துக்கு மேலாக வேலை செய்கிறேன். மாலை நேரங்களில் உயர்தரத்தில் பொறியியல் தொழினுட்பவியல் எடுத்த பிள்ளைகளுக்கும் என்.வி.கியூ. எனும் தேசிய தொழிற்தகைமைக்குப் படிக்கிற இளைஞர்களுக்கும் வரைதல் சொல்லிக்கொடுக்கிறேன். பகலில் வரைபடத்தை வாசிக்கிறவன் கேட்கும் கேள்வி வரும். மாலையில் வரைகிறவன் கேட்கும் கேள்வி வரும். இரண்டும் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் போய் முட்டும். களுவாஞ்சிக்குடியில் இருந்து வருகிற பிள்ளையும் அக்கரைப்பற்றில் இருந்து வருகிற பிள்ளையும் அதையே கேட்பதால் எழுதி வைக்கிறேன். வேறு அலகு சொல்லாத இடத்தில் எல்லா அளவும் மில்லிமீற்றர்.

பழைய சாமானையே லேத்துக்குக் கொண்டுபோனால் போதாதா? வரைபடம் எதற்கு?

நம்மூரில் பாதிக்கு மேல் வேலை அப்படித்தான் நடக்கிறது. நெல் மில்லில் சாப்ட், அதாவது சுழலும் தண்டு, தேய்ந்தால் கழற்றிச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்து, "பாஸ், இதே மாதிரி ஒண்டு" என்பார்கள். இதே மாதிரி என்றால் எந்த மாதிரி? தேய்ந்த மாதிரியா, புதிதாக வந்தபோது இருந்த மாதிரியா?

தொழிலுக்கு வந்த புதிதில் இந்தப் பிழையை நானே செய்தேன். அறுவடைக் காலம். ஒரு மில்லின் ப்ளோவர் சாப்ட் வந்தது. சாப்டைத் தாங்கிச் சுழல விடும் பெயாரிங் உட்காரும் இடத்தை அளந்தேன், 24.91. அதே அளவுக்குப் புதியதைக் கடைந்து கொடுத்தேன். அந்த இடம் ஏன் 24.91 ஆனது என்று நான் யோசிக்கவில்லை. பெயாரிங்கின் உள்வளையம் சாப்டோடு சேர்ந்து சுற்றாமல் அதன் மேல் வழுக்கிச் சுற்றித்தான் அது தேய்ந்திருந்தது. நான் அந்தத் தேய்மானத்தையே புதிய இரும்பில் செய்து கொடுத்திருக்கிறேன். இரண்டு கிழமையில் அதே சத்தத்தோடு திரும்பி வந்தது. வெளியே மூட்டைகளை அடுக்கிவிட்டுக் காத்துக்கொண்டிருந்த விவசாயிகளின் முகம் இப்போதும் நினைவில் இருக்கிறது.

மாதிரியைக் கட்டாயம் கொண்டுபோங்கள். ஆனால் அதோடு பெயாரிங்கின் இலக்கத்தையும் எழுதிக்கொண்டு போங்கள். 6205 என்றால் கடைசி இரண்டு இலக்கத்தை 5 ஆல் பெருக்குங்கள், உள்விட்டம் 25. 6206 என்றால் 30. கடைசி இரண்டு இலக்கம் 04 இல் இருந்து மேலே இந்தக் கணக்குச் சரிவரும். தேய்ந்த இரும்பை விட அந்த இலக்கத்தை நம்பலாம்.

எத்தனை தோற்றம் வரைய வேண்டும்? மூன்றும் கட்டாயமா?

தோற்றம் என்றால் சாமானை ஒரு பக்கத்தில் இருந்து நேராகப் பார்த்து வரைவது. பரீட்சையில் மூன்று கேட்டால் மூன்று வரையுங்கள். பட்டறைக்கு அப்படி ஒரு சட்டம் இல்லை. செய்கிறவனுக்குச் சந்தேகம் இல்லாமல் புரிய எத்தனை வேண்டுமோ அத்தனை போதும். உருளையான சாப்டுக்கு ஒரே தோற்றம் போதும். அளவுக்கு முன்னால் விட்டக்குறி போட்டாலே அது வட்டம் என்று தெரிந்துவிடும். தகட்டுக்கும் ஒன்று போதும், தடிப்பை எழுதிவிடுங்கள். ப்ராக்கெட் மாதிரி வளைந்து நிமிர்ந்த சாமானுக்கு இரண்டோ மூன்றோ தேவைப்படும்.

எதை முன்தோற்றமாக எடுப்பது என்பதுதான் பெரிய முடிவு. மட்டக்களப்புக் கல்லடியில் 1924 இல் கட்டிய பழைய இரும்புப் பாலத்தை நினைத்துப் பாருங்கள். பாலத்தின் வாயிலில் நின்று பார்த்தால் ஒரு இரும்புச் சட்டகம் மட்டும் தெரியும். வாவியில் தோணியில் இருந்து பக்கவாட்டில் பார்த்தால் அதன் நீளம், சாய்ந்த சட்டங்கள், தூண்களில் அது உட்காரும் இடம் எல்லாம் தெரியும். முன்தோற்றமாக எடுக்க வேண்டியது தோணியில் இருந்து பார்க்கும் பார்வையைத்தான். வீதியில் இருந்து எந்தப் பக்கம் முன்னுக்குத் தெரிகிறது என்று பார்க்காதீர்கள். வடிவத்தை அதிகம் சொல்லும் பக்கத்தை முன்தோற்றமாக எடுங்கள்.

ஒரு பொருளை ஒன்றுக்கொன்று செங்குத்தான தளங்களில் விழுத்திக் காட்டும் எறியம் என்ற இந்த முறையை 18 ஆம் நூற்றாண்டில் ஒழுங்கான கணிதமாக ஆக்கியவர் பிரான்சின் காஸ்பார் மோன்ஜ். கோட்டை கட்டும் வேலைக்கு அது அவ்வளவு உதவியதால் பல வருடம் இராணுவ இரகசியமாக வைத்திருந்தார்கள். 1795 இல்தான் அவர் அதைப் பகிரங்கமாக விரிவுரை செய்தார். இன்று பத்தொன்பது வயதுப் பிள்ளைகள் அப்பியாசக் கொப்பியில் வரைவது அதைத்தான்.

முதற்கோண எறியம், மூன்றாம் கோண எறியம் இரண்டும் எப்போதும் குழம்புகிறது. எப்படி நினைவு வைப்பது?

இருட்டில் மேசை மேல் ஒரு சாமானை வைத்து, அதற்கு இந்தப் பக்கம் குப்பி விளக்கைப் பிடியுங்கள். நிழல் எங்கே விழும்? சாமானுக்கு அந்தப் பக்கச் சுவரில். முதற்கோணம் இதுதான். இடது பக்கம் இருந்து பார்த்த தோற்றம் வலது பக்கம் போய் விழும். மேலிருந்து பார்த்த தோற்றம் கீழே விழும்.

இனி அதே சாமானைக் கண்ணாடி அலுமாரிக்குள் வையுங்கள். இடது பக்கக் கண்ணாடி வழியாகப் பார்த்து, தெரிவதை அந்தக் கண்ணாடியிலேயே வரையுங்கள். பிறகு கண்ணாடிகளை முன்பக்கத்தோடு சமமாக விரித்துவிடுங்கள். இடது தோற்றம் இடதிலேயே இருக்கும், மேல்தோற்றம் மேலேயே இருக்கும். இது மூன்றாம் கோணம். ஐரோப்பாவில் முதற்கோணம் வழக்கம். அமெரிக்காவிலும் ஜப்பானிலும் மூன்றாம் கோணம். ஜப்பான் இயந்திரங்கள் நிறைய ஓடுகிற நாடு நம்முடையது, ஆகவே இரண்டும் கைக்கு வரும்.

மாறி வாசித்தால் என்ன நடக்கும்? பல சாமான்களில் ஒன்றும் நடக்காது. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்தால் தப்பிவிடுவீர்கள். அதுதான் ஆபத்து. பத்துத் தடவை தப்பி, பதினோராவது தடவை லேண்ட் மாஸ்டர் (இரண்டு சில்லு உழவு இயந்திரம்) ப்ராக்கெட் ஒன்றில் துளை மறுபக்கம் விழும். கண்ணாடியில் பார்த்த பிம்பம் மாதிரி ஒரு சாமான் கையில் இருக்கும். அதைத் திருப்பிப் போட்டாலும் பொருந்தாது.

அதனால் தாளின் மூலையில் விபரம் எழுதும் தலைப்புக் கட்டத்தில், எந்தக் கோணம் என்று காட்டும் குறியைப் போடுங்கள். நுனி வெட்டிய கூம்பு ஒன்று, பக்கத்தில் இரண்டு வட்டம். வட்டங்கள் கூம்பின் அகன்ற முனைப் பக்கம் இருந்தால் முதற்கோணம், ஒடுங்கிய முனைப் பக்கம் இருந்தால் மூன்றாம் கோணம். ஏன் என்று மேலே சொன்ன விளக்கையும் அலுமாரியையும் வைத்து நீங்களே கண்டுபிடியுங்கள். இரண்டு வட்டமும் முழுக்கோடாகத் தெரிய வேண்டுமானால் ஒடுங்கிய முனைப் பக்கம் நின்றுதான் பார்த்திருக்க வேண்டும். அங்கிருந்து யோசித்தால் விடை வந்துவிடும், பாடமாக்கத் தேவையில்லை.

உள்ளே இருக்கும் துளையை மறைகோட்டால் காட்டுவதா, வெட்டுமுகம் போடுவதா?

ஒன்றிரண்டு துளை என்றால் மறைகோடு, அதாவது வெளியே தெரியாததைக் காட்ட விட்டு விட்டு வரையும் கோடு. உள்ளே படி, பள்ளம், மரை என்று நிறைய இருந்தால் வெட்டுமுகம், அதாவது சாமானை வெட்டிப் பார்த்த மாதிரி வரைவது. மறைகோட்டில் இருந்து அளவை இழுக்காதீர்கள். அளவு போட வேண்டிய தேவை வந்தாலே வெட்டுமுகம் வேண்டும் என்று அர்த்தம். வெட்டுமுகத்தில் சாப்ட், போல்ட், நட், கீ, விலா இவற்றை நெடுக்காக வெட்டிச் சாய்கோடு போடுவதில்லை. பிள்ளைகள் அதிகம் புள்ளி இழப்பது இங்கேதான்.

1:2 அளவுத்திட்டத்தில் வரைந்தால் எண்ணையும் பாதியாக்க வேண்டுமா?

இல்லை. படம் எந்த அளவில் இருந்தாலும் எண் எப்போதும் உண்மையான அளவு. படத்தின் மேல் அடிமட்டம் வைத்து அளந்து செய்வதும் கூடாது. போட்டோக்கொப்பியில் தாள் சுருங்கியும் இருக்கலாம், விரிந்தும் இருக்கலாம்.

அளவுகளை எங்கே, எப்படிப் போடுவது?

ஒரு அளவை ஒரு தடவைதான் போட வேண்டும். இரண்டு இடத்தில் போட்டுவிட்டு, பிறகு ஒன்றை மட்டும் திருத்தினால் செய்கிறவன் எதை நம்புவான்? தகவலுக்காக இன்னொரு தடவை காட்டித்தான் ஆக வேண்டும் என்றால் அடைப்புக்குறிக்குள் போடுங்கள். அடைப்புக்குறிக்குள் இருக்கும் அளவுக்கு டொலரன்ஸ் (அளவு எவ்வளவு தள்ளிப்போகலாம் என்ற எல்லை) கிடையாது, அதை வைத்துச் சோதிக்கவும் மாட்டார்கள்.

வடிவம் எந்தத் தோற்றத்தில் தெளிவாகத் தெரிகிறதோ அதில் போடுங்கள். சிறிய அளவு உள்ளே, பெரிய அளவு வெளியே. அப்போதுதான் சாமானில் இருந்து வெளியே இழுக்கும் நீட்டற்கோடுகள், எண் எழுதும் அளவுக்கோட்டை வெட்டாது. எண்ணைக் கோட்டுக்கு மேலே, தாளின் கீழ்ப் பக்கத்தில் இருந்தும் வலது பக்கத்தில் இருந்தும் வாசிக்கிற மாதிரி எழுதுங்கள். வெளிக்கோடு தடிப்பு, அளவுக்கோடும் நீட்டற்கோடும் மையக்கோடும் அதில் பாதி. 0.5 க்கு 0.25, அல்லது 0.7 க்கு 0.35. எல்லாக் கோட்டையும் ஒரே தடிப்பில் வரைந்த படம் கையில் வந்தால் எது இரும்பு, எது வெறும் கோடு என்று தேட வேண்டியிருக்கிறது. கிரீஸ் கையோடு, மங்கலான வெளிச்சத்தில் வாசிக்கிற ஒருவரை நினைத்து வரையுங்கள்.

ஒன்றிலிருந்து ஒன்றாகத் தொடராக அளவு போடுவதா, ஒரே விளிம்பில் இருந்து போடுவதா?

நான் மிகவும் விரும்பிப் பதில் சொல்லும் கேள்வி இது. அளவு குறிப்பதில் உண்மையான யோசனை தொடங்குவது இந்த இடத்தில்தான்.

நெல் மில்லில் சல்லடைச் சட்டம் ஒன்றை எடுங்கள். வரிசையாக ஐந்து துளை. முதல் துளை விளிம்பில் இருந்து 40, பிறகு ஒவ்வொன்றும் 40 தள்ளி. தொடராகப் போட்டு, ஒவ்வொரு 40 க்கும் ±0.3 விட்டால், ஒவ்வொரு பிழையும் அடுத்ததன் தலையில் ஏறும். ஐந்தாவது துளை விளிம்பில் இருந்து 200 ±1.5 இல் வந்து நிற்கலாம். செய்தவன் ஒரு அளவையும் மீறவில்லை. ஆனாலும் ஐந்தாவது போல்ட் இறங்காது. இங்கே பிழை வரைந்தவனுடையது.

ஒரே விளிம்பில் இருந்து 40, 80, 120, 160, 200 என்று ஒவ்வொன்றுக்கும் ±0.3 போட்டுப் பாருங்கள். ஐந்தாவது துளை இப்போது 200 ±0.3. நல்லது. ஆனால் இதற்கும் ஒரு விலை இருக்கிறது, அதைப் பலர் கவனிப்பதில்லை. முதல் துளை 0.3 அந்தப் பக்கம், இரண்டாவது துளை 0.3 இந்தப் பக்கம் போனால், அடுத்தடுத்த இரண்டு துளைக்கு இடையே 40 ±0.6 வரை மாறலாம். தொடராகப் போட்டபோது அது ±0.3 தான்.

அப்படியானால் எது சரி? சாமான் என்ன வேலை செய்கிறது என்று கேளுங்கள். ஐந்து துளையும் இன்னொரு சட்டத்தின் ஐந்து துளையோடு பொருந்த வேண்டும் என்றால் ஒரே விளிம்பில் இருந்து போடுங்கள். இரண்டு துளை மட்டும் ஒரு பெயாரிங் தாங்கியின் காலோடு பொருந்த வேண்டும், விளிம்பு எங்கே இருந்தாலும் பரவாயில்லை என்றால், அந்த இரண்டு துளைக்கும் இடையிலான தூரத்தை நேரடியாகப் போட்டு அதற்கு இறுக்கமான டொலரன்ஸ் கொடுங்கள். விளிம்புக்கான அளவைத் தளர்த்தி விடுங்கள். எந்த அளவு முக்கியமோ அந்த அளவு படத்தில் நேரடியாக எழுதப்பட்டிருக்க வேண்டும். கூட்டிக் கழித்து வருகிற அளவுக்கு யாரும் பொறுப்பு எடுக்க முடியாது.

அந்த விளிம்பு, அதாவது டேட்டம், சாமான் இயந்திரத்தில் எதன் மேல் உட்காருகிறதோ அந்த முகமாக இருந்தால் நல்லது. கரடுமுரடான வார்ப்பு விளிம்பில் இருந்து 0.05 டொலரன்ஸ் கேட்டு வரும் படங்களும் உண்டு. அந்த விளிம்பிலேயே அரை மில்லிமீற்றர் மேடு பள்ளம் இருக்கும்.

25 என்று எழுதினால் 25 தானே? டொலரன்ஸ் எதற்கு?

25 என்று சரியாக யாராலும் கடைய முடியாது. 25.00 என்று உங்கள் வேர்னியர் காட்டும், மைக்றோமீற்றர் 25.01 என்று சொல்லும், அதைவிட நுணுக்கமான கருவி வேறொன்று சொல்லும். ஆகவே எவ்வளவு தள்ளிப்போனால் பரவாயில்லை என்று வரைகிறவர் சொல்ல வேண்டும். டொலரன்ஸ் என்பது அவ்வளவுதான். தமிழில் பொறுதி என்பார்கள். எவ்வளவு பொறுத்துக்கொள்ளலாம் என்ற அர்த்தம் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

பட்டறையில் அதை வாயால் சொல்வார்கள். "கொஞ்சம் டைட்டா இருக்கட்டும்", "லேசா ஆடுற மாதிரி விடுங்க". எனக்கு ஒரு டைட், உங்களுக்கு ஒரு டைட். என்னிடம் வேலை பழகிய தம்பிக்கு இன்னொரு டைட். நாங்கள் மூவரும் ஒரே பட்டறையில் இருக்கும்வரை அது ஓடும். சாப்ட் கல்முனையிலும், அது உள்ளே நுழையும் குழாய் மாதிரியான புஷ் ஏறாவூரிலும் செய்யப்படும் நாளில் ஓடாது. இரண்டையும் செய்கிறவர்கள் ஒருவரை ஒருவர் பார்க்காமலே இரண்டும் பொருந்த வேண்டும் என்றால் "கொஞ்சம்" என்பது எண்ணாக வேண்டும்.

ஆங்கிலப் பெரிய எழுத்தில் எச் 7, சிறிய எழுத்தில் ஜி 6 என்று எழுதியிருப்பதை எப்படி வாசிப்பது?

ஐ.எஸ்.ஓ. 286 என்ற தரநிலையின் சுருக்கெழுத்து அது. பெரிய எழுத்து துளைக்கு, சிறிய எழுத்து சாப்டுக்கு. எழுத்து, டொலரன்ஸ் எங்கே தொடங்குகிறது என்று சொல்லும். எண், அது எவ்வளவு அகலம் என்று சொல்லும். எண் சிறிதாகச் சிறிதாக அந்த அகலம் குறையும்.

25 விட்டத்தை எடுத்துக்கொள்வோம். பெரிய எச் 7 துளை 25.000 இல் தொடங்கி 25.021 இல் முடியும். துளையை இப்படியே வைத்துக்கொண்டு சாப்டை மட்டும் மாற்றிப் பாருங்கள்.

சிறிய எஃப் 7 சாப்ட் 24.959 முதல் 24.980 வரை. இடைவெளி எப்போதும் 0.020 க்குக் குறையாது, 0.062 க்குக் கூடாது. கிரீஸ் போட்டுச் சுற்றும் புஷ்ஷுக்கு நல்லது. சிறிய ஜி 6 என்றால் 24.980 முதல் 24.993, ஆட்டம் தெரியாமல் வழுக்கிப் போகும். சிறிய பி 6 வேறு விதம்: 25.022 முதல் 25.035. சாப்ட் எப்போதும் துளையை விடப் பெரிது, ஆகவே அழுத்தித்தான் இறக்க வேண்டும், இறங்கினால் கழற்றுவது கஷ்டம். தலைமுடியின் தடிப்பு 0.05 முதல் 0.1 வரை என்று வைத்தால், சுழல்கிற சாமானுக்கும் இறுகிப்போன சாமானுக்கும் இடையில் ஒரு முடிதான் இருக்கிறது.

பெயாரிங் இன்னொரு கதை. சாதாரண 6205 இன் உள்விட்டம் 24.990 முதல் 25.000 வரை இருக்கும்படி கம்பனியே செய்து அனுப்புகிறது. அதை மாற்ற முடியாது. உள்வளையம் சுழலும் சாதாரண வேலைகளுக்குச் சாப்டைச் சிறிய கே 6 இல் கடைவது வழக்கம்: 25.002 முதல் 25.015. மிகத் தளர்வான சோடியிலும் 0.002 இறுக்கம் இருக்கும், மிக இறுக்கமான சோடியில் 0.025. என்னிடம் முன்னர் வந்த 24.91 சாப்டை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஆகக் குறைந்தது 0.08 தளர்வு. பெயாரிங் அதன் மேல் சுற்றாமல் வேறு என்ன செய்யும்?

டொலரன்ஸ் எழுதாத அளவுகளுக்கு என்ன அர்த்தம்?

தலைப்புக் கட்டத்தில் ஒரு வரி எழுதாவிட்டால், ஒரு அர்த்தமும் இல்லை. பொதுவாக எழுதும் வரி ஐ.எஸ்.ஓ. 2768 நடுத்தரம். அதன்படி 6 க்கு மேல் 30 வரை ±0.2, 30 க்கு மேல் 120 வரை ±0.3, 120 க்கு மேல் 400 வரை ±0.5. சாதாரண லேத்தும் ட்ரில்லும் கஷ்டப்படாமல் பிடிக்கிற அளவு இது. இந்த ஒரு வரி இருந்தால் படத்தில் நான்கைந்து முக்கியமான அளவுக்கு மட்டும் தனியாக டொலரன்ஸ் எழுதினால் போதும்.

பாதுகாப்புக்காக எல்லா அளவுக்கும் ±0.01 போட்டால் நல்லதுதானே?

தயவுசெய்து வேண்டாம். ±0.01 பிடிக்க வேண்டும் என்றால் கடைசல் போதாது, பெரும்பாலும் அரைக்க வேண்டும். அளக்க மைக்றோமீற்றர் வேண்டும். சாமான் ஆறும்வரை காத்திருந்து அளக்க வேண்டும். ஒரு மணித்தியால வேலை ஒரு நாள் வேலையாகும், காசு தருகிறவர் விவசாயி. அதைவிட மோசமான இன்னொன்று உண்டு. யாருக்கும் தேவையில்லாத இடத்தில் 0.01 ஐப் பார்த்த பாஸ், அதாவது லேத்தில் கடைகிறவர், இந்தப் படத்தை வரைந்தவருக்குத் தொழில் தெரியாது என்று முடிவு செய்துவிடுவார். உண்மையாகவே 0.01 தேவைப்படும் பெயாரிங் இருக்கையையும் அதே மாதிரிக் கணக்கில் எடுக்காமல் விட்டுவிடுவார்.

நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: இந்த அளவு அரை மில்லிமீற்றர் தப்பினால் இயந்திரத்தில் என்ன நடக்கும்? ஒன்றும் நடக்காது என்றால் விட்டுவிடுங்கள்.

அளக்கும் கருவியையும் யோசியுங்கள். டொலரன்ஸின் பத்தில் ஒரு பங்கையாவது காட்டுகிற கருவி இருக்க வேண்டும் என்பது பழைய வழக்கம். 0.2 டொலரன்ஸுக்கு 0.02 வேர்னியர் சரி. 0.02 டொலரன்ஸை அதே வேர்னியரால் அளந்து "சரி" என்பது வெறும் நம்பிக்கை.

எங்கள் ஊர் வெயிலில் அளவு மாறுமா?

மாறும். வரைபடத்தில் உள்ள அளவுகள் எல்லாம் 20 பாகை செல்சியஸில் என்பது உலகம் முழுவதும் உள்ள ஒப்பந்தம். நம் பட்டறைகளில் பகலில் 32 பாகை சாதாரணம். 100 நீள இரும்பு அந்த 12 பாகைக்கு ஏறத்தாழ 0.014 நீளும், அலுமினியம் அதைப் போல இரண்டு மடங்கு.

ஆனால் பயப்பட வேண்டாம். மைக்றோமீற்றரும் இரும்பு, சாமானும் இரும்பு, இரண்டும் ஒரே சூட்டில் இருந்தால் இரண்டும் ஒரே அளவு விரியும். வாசிப்புச் சரியாகவே வரும். ஆபத்து கடைந்த சூட்டோடு அளப்பதில். 50 விட்ட சாப்ட் 60 பாகையில் இருக்கும்போது 20 பாகையில் இருப்பதைவிட 0.023 பெரிதாக இருக்கும். அந்த விட்டத்துக்குச் சிறிய எச் 6 இன் முழு டொலரன்ஸே 0.016 தான். சூட்டில் சரியாக இருந்தது ஆறினதும் சிறுத்துப் போயிருக்கும். தேநீர் குடித்துவிட்டு வந்து அளங்கள். வெயில் படும் யன்னலோரம் மைக்றோமீற்றரை வைக்காதீர்கள்.

இஞ்சியிலும் நூலிலும் சொல்கிறார்களே, அதை எப்படி எழுதுவது?

வாயால் எப்படிச் சொன்னாலும் தாளில் மில்லிமீற்றரில் எழுதுங்கள். ஒரு நூல் என்பது இஞ்சியில் எட்டில் ஒன்று, 3.175. "ஒரு இஞ்சிச் சாப்ட்" என்றால் 25.4, அதில் 6205 ஏறாது, விட்டத்தில் 0.4 எடுக்க வேண்டும். உங்கள் லேத்தின் டயல் விட்டத்தைக் காட்டுகிறதா ஆரத்தைக் காட்டுகிறதா என்று பார்த்துவிட்டு எடுங்கள், இல்லாவிட்டால் இரண்டு மடங்கு போய்விடும்.

மரையில் இன்னும் கவனம் வேண்டும். ஐந்து நூல் போல்ட் 15.875, மெட்ரிக் மரை உள்ள எம் 16 போல்ட் 16. கண்ணுக்கு ஒன்றுதான். ஆனால் விட்வேர்த் என்ற பழைய இஞ்சி மரையில் இஞ்சிக்கு 11 புரி, அதாவது புரியிடை 2.31, எம் 16 இல் 2. ஒன்றின் நட் மற்றதில் ஓரிரு சுற்று ஏறிப் பிறகு இறுகும். அந்த இடத்தில் நீளமான ஸ்பேனர் போட்டால் இரண்டு மரையும் போய்விடும். அதனால் வெறும் "5/8 போல்ட்" என்று எழுதாமல் மரையின் வகையையும் எழுதுங்கள்.

அளவு எல்லாம் சரி, ஆனாலும் சாமான் பொருந்தவில்லை. ஏன்?

விட்டம் எங்கு அளந்தாலும் சரியாக இருந்து, சாப்ட் வளைந்திருக்கலாம். முகம் அச்சுக்குச் செங்குத்தாக இல்லாமல் இருக்கலாம். அளவின் டொலரன்ஸ் இவற்றை முழுவதும் கட்டுப்படுத்தாது. அதற்குத்தான் வடிவ, நிலை டொலரன்ஸ் குறிகள். நேர்த்தன்மை, வட்டத்தன்மை, செங்குத்து, ஒருமையம் என்று பெட்டிக்குள் குறி போட்டு எழுதுவது.

துளையின் இருப்பிடக் குறியைக் கட்டாயம் பழகுங்கள். ±0.1 என்று இரண்டு திசையிலும் விட்டால் துளையின் மையம் ஒரு சதுரத்துக்குள் இருக்க அனுமதி. மூலையில் அது 0.14 தள்ளிப்போகலாம், நேராக 0.1 மட்டும்தான். மூலையில் 0.14 போல்ட்டுக்குப் பிரச்சினை இல்லை என்றால் நேராக 0.14 மட்டும் எப்படிப் பிரச்சினையாகும்? அந்த மூலைகளைத் தொடும் வட்டத்தையே அனுமதித்தால் இடம் 57 வீதம் கூடுகிறது, செய்கிறவனுக்கு அவ்வளவு சுலபம். போல்ட்டுக்கும் ஒரு குறையும் இல்லை. ஸ்கொட்லாந்தில் டோர்ப்பிடோ தொழிற்சாலையில் வேலை செய்த ஸ்டான்லி பார்க்கர் என்பவர் இதைக் கண்டு எழுதியவர். நல்ல சாமான்களைத் தேவையில்லாமல் கழிக்கிறார்கள் என்று கண்டுதான் அவர் யோசித்தார்.

கணினியில் ஆட்டோகேட் மென்பொருளில் வரைந்தால் இந்தக் கவலை இல்லைதானே?

கோடு அழகாக வரும். எந்த அளவு முக்கியம் என்று அது சொல்லாது. சில அமைப்புகளை மாற்றாமல் விட்டால் எல்லா அளவையும் நான்கு தசமத்தோடு போடும், 40.0000 என்று பார்த்தால் பாஸுக்குத் தலை சுற்றும். இன்னொன்று, படத்தில் தவறாக வரைந்த கோட்டை மாற்றாமல் எண்ணை மட்டும் அடித்து மாற்றும் பழக்கம். அதை முதல் நாளே விட்டுவிடுங்கள். அந்தக் கோப்பையே எடுத்து இயந்திரத்தில் வெட்டுகிற நாள் வரும்.

லேத் பாஸுக்கு இந்தக் குறிகள் தெரியாவிட்டால்?

பலருக்குத் தெரியாது, ஆனால் கைக்குத் தெரியும். நாற்பது வருடம் கடைந்த கை உங்கள் அட்டவணையை விட நன்றாக இறுக்கத்தை உணரும். ஆகவே குறியோடு எல்லை அளவுகளையும் எழுதுங்கள்: 25.002 – 25.015. பக்கத்தில் தமிழில் ஒரு வரி: "இங்கே 6205 பெயாரிங் அழுத்தி இறங்கும்." ஒரு காரணம் தெரிந்தால் அவர் உங்கள் பிழையைக்கூடப் பிடித்துத் தருவார். மருதமுனையில் தறிக்குச் சாமான் செய்யும் ஒரு காக்கா (அண்ணன்) என் படத்தைப் பார்த்து, "தம்பி, இந்த மூலையில ஆரம் இல்லாம உட்டா முறிஞ்சிரும்" என்றார். படி இறங்கும் மூலையில் ஆரம், அதாவது சிறு வளைவு, போட நான் மறந்திருந்தேன். அது ஓட்டத்தில் வெடித்து முறியும் இடம்.

கொடுப்பதற்கு முன் படத்தை எப்படிச் சரிபார்ப்பது?

என் வகுப்பில் செய்வதைச் சொல்கிறேன். படத்தை வரைந்த பிள்ளை ஒரு மூலையில் இருக்கும். வேறொரு பிள்ளையிடம் தாளும் ஒரு சவர்க்காரக் கட்டியும் கத்தியும் கொடுப்பேன். பேசக் கூடாது, தாளை மட்டும் பார்த்து அந்த வடிவத்தைச் செதுக்க வேண்டும். பத்து நிமிடத்துக்குள் எந்த அளவு இல்லை, எந்தத் தோற்றம் குறைகிறது என்று தெரிந்துவிடும். வீட்டில் தங்கையிடம் கொடுத்தும் செய்யலாம். செதுக்குகிறவர் நடுவில் நிமிர்ந்து உங்களிடம் ஏதாவது கேட்டால், பதிலை வாயால் சொல்லாதீர்கள். தாளைத் திருப்பி வாங்கி, அதிலே எழுதிக் கொடுங்கள்.